சிம் அட்டை கண்ணிலிருந்து மறைகிறது: இணைப்பின் சாவி யாரிடம்?

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், பொலிதேயாமா அரங்கின் முன்னாலுள்ள சதுக்கம் நகரத்தின் முக்கிய மையங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அரங்கின் முகப்பு உச்சியில் வெண்கலக் குதிரைகள் பூட்டிய தேர் ஒன்று நிற்கிறது. பல தசாப்தங்களாக இலங்கைத் தமிழர்கள் குடியேறி வாழ்ந்துவரும் நகரம் இது. அவர்களில் பலர் வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டுள்ளனர். இத்தாலியில் இத்தொழில் செய்வோருக்கு ஞாயிற்றுக்கிழமையும், வாரத்தில் மற்றோர் அரைநாளும் ஓய்வு. அந்த அரைநாள் வழக்கமாக வியாழக்கிழமை பிற்பகலாக அமைகிறது.

அத்தகைய ஓர் ஓய்வுப் பொழுதில் சதுக்கத்தைக் கடந்து செல்லும் ஒருவரின் கையிலுள்ள தொலைபேசியில் ஒரு சிம் அட்டை இருக்கும். அது அவர் நன்கு அறிந்த பொருள். அடையாள ஆவணம் காட்டி, தம் பெயரில் பதிவு செய்து வாங்கியது. கட்டணம் கூடினால் வேறொரு நிறுவனத்துக்கு மாறலாம். ஊருக்குச் செல்லும்போது கழற்றி வைத்துவிட்டு அங்குள்ள சிம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். சிறிய பொருள்தான் என்றாலும், தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் தனிமனிதருக்கும் இடையிலான பேரத்தில் தனிமனிதர் பக்கம் இருக்கும் ஒரே பிடி அதுவே.

ஆனால் அதே சதுக்கத்தில் அவர் கண்ணுக்குப் படாத சிம்கள் ஏராளம். கடை மேசையிலுள்ள அட்டைக் கொடுப்பனவு இயந்திரம், தெருவோரம் நிறுத்தப்பட்டுள்ள கார், வாடகைக்கு விடப்படும் மிதிவண்டி, பழைய மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியிலுள்ள அவசரத் தொலைபேசி, மேல்மாடியில் தனியே வாழும் முதியவரின் கழுத்தில் தொங்கும் உதவி கோரும் பொத்தானுடன் இணைந்த பெட்டி ஆகியவற்றுக்குள்ளும் சிம்கள் இருக்கக்கூடும். இவை மனிதர்கள் பேசுவதற்கானவை அல்ல. இயந்திரங்கள் இயந்திரங்களுடன் தொடர்புகொள்வதற்கானவை.

இத்தாலியத் தொடர்பாடல் ஒழுங்குமுறை ஆணையமான அக்கொம் வெளியிட்ட கணக்குகளின்படி, 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் இத்தகைய இயந்திர சிம்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி. இத்தாலியின் மக்கள்தொகை 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது இரண்டு மனிதருக்கு ஓர் இயந்திரம் என்ற விகிதத்தில் அங்கு இயந்திரங்கள் செல்லிடத் தொலைபேசி வலையமைப்பில் இணைந்துள்ளன.

இந்த சிம்கள் இப்போது அட்டை வடிவத்தையே இழந்து வருகின்றன. சாதனத்தின் மின்சுற்றுப் பலகையில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டு, தொலைவிலிருந்து மாற்றி எழுதக்கூடிய சில்லுகளாகிவிட்டன. இதனால் விளையும் வசதி பெரிது. அதேவேளை, எந்த வலையமைப்பில் இணைவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சாதனத்தை வைத்திருப்பவரிடமிருந்து வேறு ஒருவரிடம் நகர்கிறது. அந்த வேறு ஒருவர் யார் என்பதே இன்று பிரசல்ஸ், புதுடில்லி, வாஷிங்டன் ஆகிய தலைநகரங்களில் ஒழுங்குமுறை அமைப்புகள் விவாதித்துவரும் விடயம்.

சிம் என்பது என்ன?

சிம் அட்டையின் அடிப்படைப் பணி ஒன்றே. தான் யார் என்பதை வலையமைப்புக்கு நிரூபிப்பது. அதற்காக அதனுள் இரண்டு தகவல்கள் உள்ளன. ஒன்று, சந்தாதாரரை உலகளவில் தனித்து அடையாளம் காட்டும் இலக்கம். அதன் முதல் இலக்கங்கள் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும். மற்றொன்று, இரகசியச் சாவி. இந்தச் சாவி சிம்மைவிட்டு ஒருபோதும் வெளியே வருவதில்லை. வலையமைப்பு ஒரு கேள்வியை அனுப்ப, சிம் அச்சாவியைக் கொண்டு கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை பொருந்தினால் கதவு திறக்கும்.

ஜேர்மனியின் கீசெக்கெ மற்றும் டெவ்ரியென்ட் நிறுவனம் 1991ஆம் ஆண்டு முதல் வணிகரீதியான சிம் அட்டைகளைத் தயாரித்தது. பின்லாந்தின் ரடியோலின்யா நிறுவனத்துக்கு 300 அட்டைகளை அது விற்றது. அப்போது அவை வங்கிக் கடனட்டை அளவில் இருந்தன. பின்னர் படிப்படியாகச் சுருங்கின. இன்று இயந்திரங்களில் பற்றவைக்கப்படும் சில்லின் நீளம் 6 மில்லிமீட்டர், அகலம் 5 மில்லிமீட்டர்.

அட்டையைக் கைவிட்டுப் பற்றவைப்பதற்குக் காரணங்கள் உள்ளன. ஓடும் வாகனத்தின் அதிர்வில் அட்டை தன் இடத்திலிருந்து அசையும். கடும் வெயிலிலும் குளிரிலும் தொடுமுனைகள் பழுதடையும். ஈரம் புகும். இவற்றைவிட முக்கியமானது திருட்டு.

தென்னாபிரிக்காவின் ஜோஹனஸ்பேர்க் நகரில் 2011ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த சம்பவம் இத்துறையில் இன்றும் பாடமாகக் கூறப்படுகிறது. பழுதடைந்தால் தாமாகவே தகவல் அனுப்பும் வகையில் அந்நகரின் போக்குவரத்து விளக்குகளில் சிம் அட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. சுமார் 400 விளக்குகள் உடைக்கப்பட்டு அந்த அட்டைகள் திருடப்பட்டன. திருடியவர்கள் அவற்றைக் கொண்டு தொலைபேசி அழைப்புகளை மேற்கொண்டனர். பெருந்தொகைக் கட்டணம் நகரத்தின் வீதி முகமையின் தலையில் விழுந்தது. சந்திகளில் விளக்குகள் எரியாமல் போக்குவரத்தும் தடுமாறியது.

அங்கு இரண்டு தவறுகள் நிகழ்ந்திருந்தன. அட்டைகள் கழற்றக்கூடியவையாக இருந்தது ஒன்று. விளக்குக்குத் தேவையே இல்லாத குரல் அழைப்பு வசதி அந்த அட்டைகளில் திறந்து விடப்பட்டிருந்தது மற்றொன்று. முதல் தவறுக்கு மாற்று பற்றவைக்கப்பட்ட சிம். இரண்டாவதற்கு மாற்று இணைப்பு மேலாண்மை.

ஆயிரக்கணக்கான சிம்களை நிர்வகித்தல்

ஒரு குடும்பத்தில் நான்கு சிம்கள் இருந்தால் அவற்றை நினைவில் வைத்தே நிர்வகிக்கலாம். ஒரு நிறுவனத்திடம் 10,000 வாகனங்கள் இருந்தால் அது இயலாது. அதற்காகவே இணைப்பு மேலாண்மைத் தளங்கள் எனப்படும் மென்பொருள் அமைப்புகள் உருவாயின. எந்தச் சாதனம் எந்த நாட்டில், எந்த வலையமைப்பில் இணைந்துள்ளது, இன்று எவ்வளவு தரவு அனுப்பியது என்பதை ஒரே திரையில் இவை காட்டுகின்றன. ஓர் இணைப்பை உயிர்ப்பிக்கவும், இடைநிறுத்தவும், நிரந்தரமாகத் துண்டிக்கவும் இவற்றின் மூலம் முடியும்.

மேலும் சில காப்புகளும் உண்டு. ஒரு சிம்மைக் குறிப்பிட்ட ஒரு சாதனத்துடன் மட்டும் பிணைக்கலாம். வேறு கருவியில் போட்டால் அது இயங்காது. குரல் அழைப்பை மூடிவிடலாம். பொது இணையத்துக்குச் செல்லாமல் நிறுவனத்தின் கணினிக்கு மட்டும் செல்லும் தனிப்பாதையைத் தரவுக்கு அமைக்கலாம். வழமைக்கு மாறாகப் பயன்பாடு கூடினால் எச்சரிக்கை அனுப்பவும், எல்லையைத் தாண்டினால் தானாகவே நிறுத்தவும் ஏற்பாடு செய்யலாம்.

இதன் அவசியத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஒரு கருவி 10 நிமிடத்துக்கு ஒருமுறை 1 கிலோபைட் தரவை அனுப்புவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 144 கிலோபைட். மாதத்துக்கு ஏறத்தாழ 4.3 மெகாபைட். மிகச் சிறிய அளவு. ஆனால் மென்பொருள் கோளாறு ஒன்றினால் அது ஒவ்வொரு விநாடியும் அனுப்பத் தொடங்கினால் நாளொன்றுக்கே 86 மெகாபைட்டைத் தாண்டும். அதாவது 600 மடங்கு. 10,000 கருவிகளில் ஒரே இரவில் இக்கோளாறு தோன்றினால் மறுநாள் காலையில் கட்டணம் மட்டுமன்றி வலையமைப்பின் நெரிசலும் பிரச்சினையாகும்.

மாற்றி எழுதக்கூடிய சிம்

இ-சிம் என்ற சொல் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குறிக்கப் பயன்படுவதால் குழப்பம் ஏற்படுகிறது. சில்லைப் பற்றவைப்பது ஒன்று. அச்சில்லின் உள்ளடக்கத்தைத் தொலைவிலிருந்து மாற்றுவது வேறு ஒன்று. பற்றவைத்த சிம் எல்லாமே மாற்றக்கூடியவை அல்ல. பல கருவிகளில் ஒரே நிறுவனத்தின் அடையாளம் வாழ்நாள் முழுவதும் மாற்றமுடியாதபடி பதிக்கப்பட்டிருக்கிறது.

மாற்றக்கூடிய வகையில், சந்தாதாரரின் இலக்கமும் இரகசியச் சாவியும் அடங்கிய தொகுப்பு புரொபைல் என அழைக்கப்படுகிறது. அது மறைகுறியாக்கப்பட்டு, வானலை வழியே சில்லுக்குள் இறங்குகிறது. ஒரே சில்லில் பல புரொபைல்களைச் சேமித்து வைக்கலாம். தேவைப்படும்போது ஒன்றை நிறுத்தி மற்றொன்றை இயக்கலாம்.

இதற்கான தொழில்நுட்ப விதிகளை வகுப்பது, உலகின் செல்லிடத் தொலைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ. இயந்திரங்களுக்கான முதல் விதித்தொகுதி 2010களின் முற்பகுதியில் வந்தது. மனிதர்கள் பயன்படுத்தும் தொலைபேசிகளுக்கான விதிகள் 2016ஆம் ஆண்டில் வெளியாயின. இரண்டுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. தொலைபேசியில், பயனரே திரையைத் தொட்டு எந்த நிறுவனம் வேண்டும் என்று தெரிவுசெய்கிறார். தண்ணீர் அளவியிலோ மின் அளவியிலோ திரையும் இல்லை, தொடுவதற்கு ஆளும் இல்லை. ஆகவே தொலைவிலுள்ள ஒரு சேவையகமே கட்டளையிட வேண்டியிருந்தது.

அந்தச் சேவையகம் பெரும்பாலும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பிடியிலோ அதன் ஒப்பந்ததாரரின் பிடியிலோ இருந்தது. வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், கைவிடப்படும் நிறுவனத்தின் சேவையகமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இரு தரப்பின் கணினி அமைப்புகளையும் இணைக்கும் பணி மாதக்கணக்கில் நீண்டது. மாற்றுவதற்காகவே உருவாக்கப்பட்ட சிம், நடைமுறையில் மாற்றமுடியாத ஒன்றாகிப்போனது இவ்வாறுதான்.

இக்குறையைப் போக்கும் நோக்கில் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஜிஎஸ்எம்ஏ புதிய விதித்தொகுதியை வெளியிட்டது. திரையற்ற சிறு கருவிகளை முன்வைத்து எழுதப்பட்ட இவ்விதிகளின்படி, புரொபைலை வழங்கும் சேவையகம் வேறு, கருவிக்குக் கட்டளையிடும் மேலாண்மைச் சேவையகம் வேறு. பின்னையது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கையில் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆயிரக்கணக்கான கருவிகளை வைத்திருக்கும் நிறுவனமே அதை இயக்கலாம். ஆனால் இதன்மூலம் அதிகாரம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து கருவியை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு நகர்கிறதே தவிர, கருவியைப் பயன்படுத்தும் தனிமனிதருக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை.

அரசுகளின் தலையீடு

அமெரிக்க நீதித்துறை 2018இல் இவ்விடயத்தில் விசாரணை நடத்தி வருவது தெரியவந்தது. பெரும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஜிஎஸ்எம்ஏ ஊடாகக் கூட்டுச் சேர்ந்து, வாடிக்கையாளர் எளிதில் மாறமுடியாதபடி இ-சிம் விதிகளை வளைக்க முயன்றனவா என்பதே கேள்வி. 2019 நவம்பரில் அந்த விசாரணை முடிவுக்கு வந்தது. விதிகளை வகுக்கும் நடைமுறையில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் குரலே மேலோங்கியிருந்தது குறித்துக் கவலை தெரிவித்த நீதித்துறை, ஏனைய தரப்புகளுக்கும் இடமளிக்கும் வகையில் அந்நடைமுறையைத் திருத்த ஜிஎஸ்எம்ஏ இணங்கியதை ஏற்றுக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் அணுகியது. 2018 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட ஐரோப்பிய மின்னணுத் தொடர்பாடல் சட்டக்கோவையின் 93ஆவது பிரிவு, தொழில்நுட்பரீதியாக இயலும் இடங்களில் வானலை வழியே சிம்மை மாற்றி எழுதும் முறையை உறுப்பு நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று கூறுகிறது. நிறுவனம் மாறுவதை எளிதாக்குவதே இதன் நோக்கம் என்பதையும், இயந்திரத் தொடர்புச் சேவைகளை அது குறிப்பாகக் கருத்தில் கொள்கிறது என்பதையும் அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஊக்குவித்தல் என்பது கட்டாயப்படுத்தல் அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவின் அக்கறை மற்றொரு கோணத்தைச் சார்ந்தது. வெளிநாட்டில் தயாராகி இறக்குமதியாகும் கார்களிலும் இயந்திரங்களிலும் வெளிநாட்டு நிறுவனத்தின் இ-சிம் இருந்தால், அது இந்திய மண்ணில் ஆண்டுக்கணக்கில் விருந்தாளி இணைப்பாகவே இயங்கும். அதாவது நிரந்தர ரோமிங். அதன் சந்தாதாரர் விவரங்கள் இந்திய அதிகாரிகளுக்கு எட்டுவதில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 மார்ச்சில் வெளியிட்ட பரிந்துரைகளில், அத்தகைய இ-சிம்கள் ரோமிங் தொடங்கிய 6 மாதங்களுக்குள்ளோ, சாதனத்தின் உரிமையாளர் மாறும்போதோ, இவற்றில் எது முந்தியதோ அப்போது, இந்திய நிறுவனம் ஒன்றின் புரொபைலுக்குக் கட்டாயமாக மாற்றப்பட வேண்டும் என்று கூறியது.

அதற்கு முன்னரே, 2018இல் இயந்திர சிம்களுக்கு 13 இலக்க எண்களை இந்தியா அறிமுகப்படுத்தியது. அவ்வறிவிப்பு வந்தபோது தமது கைப்பேசி எண்களும் 13 இலக்கமாகப் போகின்றன என்று மக்கள் பலர் தவறாக எண்ணிக் குழம்பியது நினைவிருக்கலாம். அதே ஆண்டில், இயந்திர சிம்களில் குரல் அழைப்பு முன்கூட்டியே குறிக்கப்பட்ட சில எண்களுடன் மட்டுமே இருக்கலாம் என்ற கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. ஜோஹனஸ்பேர்க் விளக்குகளில் இல்லாமல்போன காப்பு இதுதான்.

இந்தியப் பரிந்துரையின் தர்க்கம் இறைமை சார்ந்தது. ஐரோப்பியச் சட்டத்தின் தர்க்கம் சந்தைப் போட்டி சார்ந்தது. இரண்டுமே ஒரே உண்மையை ஏற்றுக்கொள்கின்றன. இணைப்பின் சாவியை வைத்திருப்பவரிடம் இயந்திரத்தின் மீது ஓர் அதிகாரம் இருக்கிறது என்பதே அது.

அந்த அதிகாரத்தின் வீச்சை 2022இல் உலகம் கண்டது. ரஷ்யப் படைகள் கைப்பற்றிய உக்ரைனின் மெலிதோபொல் நகரில், விவசாய இயந்திர விற்பனை நிலையம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 50 லட்சம் டொலர் மதிப்புள்ள இயந்திரங்கள் கொண்டு செல்லப்பட்டன. செச்சினியா வரை போய்ச் சேர்ந்த அறுவடை இயந்திரங்களை அங்கு இயக்க முயன்றபோது, அவை தொலைவிலிருந்து பூட்டப்பட்டிருந்தன என்று அவ்வாண்டு மே மாதம் செய்திகள் வெளியாயின. களவுபோன இயந்திரம் பூட்டப்பட்டதைப் பலரும் வரவேற்றனர். ஆனால் களவாடாத விவசாயியின் இயந்திரத்தையும் அதே வழியில் பூட்டமுடியும் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டினர்.

காருக்குள் ஒரு சாட்சி

இக்கேள்வி சாதாரண மக்களின் வாழ்வைத் தொடும் இடத்துக்கு இத்தாலியே நல்ல உதாரணம். வாகனக் காப்புறுதிக்காகக் கறுப்புப் பெட்டி பொருத்தும் வழக்கம் உலகிலேயே மிகப் பரவலாக உள்ள நாடுகளில் ஒன்று அது. அங்கு தனியார் கார்களுக்கான காப்புறுதி ஒப்பந்தங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இத்தகைய பெட்டியுடன் வருகிறது. காப்புறுதிக் கட்டணம் அதிகமாக உள்ள தென்பகுதி மாகாணங்கள் சிலவற்றில் இவ்விகிதம் இன்னும் அதிகம். பெட்டி பொருத்தச் சம்மதிப்பவருக்குக் கட்டணத்தில் கழிவு கிடைப்பதே காரணம்.

பெட்டிக்குள் இருப்பவை செயற்கைக்கோள் மூலம் இடத்தை அறியும் கருவி, அதிர்வை அளக்கும் உணரி, ஒரு சிம். கார் எங்கே, எந்நேரம், என்ன வேகத்தில் சென்றது, எப்போது மோதியது என்பன பதிவாகி வானலை வழியே செல்கின்றன. 2017ஆம் ஆண்டின் 124ஆம் இலக்கச் சட்டம் இப்பதிவுகளுக்குப் பெரும் வலுவைக் கொடுத்தது. சிவில் வழக்குகளில் இவை முழுமையான சான்றாகக் கொள்ளப்படும். பெட்டி இயங்கவில்லை அல்லது அதில் கைவைக்கப்பட்டது என்பதை எதிர்த்தரப்பு நிரூபித்தால் மட்டுமே அதற்கு விலக்கு.

வாகன ஓட்டிக்கு இது இருபக்கமும் கூரான கத்தி. மோதலே நிகழாத இடத்தில் விபத்து என்று இழப்பீடு கோருபவருக்கு எதிராக, மொழியில் தடுமாறும் ஒரு குடியேறிக்கு அப்பெட்டி பேசத்தெரிந்த சாட்சியாக நிற்கும். அதேவேளை, அவர் வேகமாகச் சென்றிருந்தால் அவருக்கு எதிராகவும் அதே சாட்சி பேசும். சாட்சி இருப்பது அவருடைய காரில். ஆனால் அது எந்த வலையமைப்பின் வழியே, யாரிடம் தகவல் சொல்கிறது என்பதைத் தீர்மானிப்பவர் அவர் அல்ல. காப்புறுதி நிறுவனத்தை மாற்றும்போதும் அதே பெட்டியைத் தொடர்ந்து பயன்படுத்த இடமிருக்க வேண்டும் என்ற கொள்கையையும் அதே சட்டம் முன்வைத்தது. இவ்வளவு தூரம் சட்டம் பேச நேர்ந்ததே, பெட்டியும் சிம்மும் ஒரு நிறுவனத்துடன் பிணைந்திருப்பது எவ்வளவு பெரிய கட்டு என்பதைக் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான மற்றொரு சிம்மும் ஐரோப்பியக் கார்களில் உண்டு. 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெறும் புதிய வகைக் கார்களில் இ-கோல் எனப்படும் அவசர அழைப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. கடும் விபத்து நேர்ந்தால் அது தானாகவே 112 என்ற எண்ணை அழைத்து, இடம், நேரம், வாகனம் சென்ற திசை ஆகியவற்றைத் தெரிவிக்கும். ஏனைய நேரங்களில் அந்த சிம் உறங்கிக்கொண்டிருக்கும். விபத்து நேரும்வரை வலையமைப்பில் பதிவுசெய்துகொள்ளாது. ஆகவே அதைக் கொண்டு யாரும் காரைப் பின்தொடர முடியாது. ஒரே காரில் ஒரு சிம் சட்டத்தால் உறங்க வைக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று ஒப்பந்தத்தால் விழித்திருக்கிறது.

வலையமைப்பு மூடப்படும்போது

இ-சிம் குறித்த விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத வரம்பு ஒன்று உண்டு. தொலைவிலிருந்து நிறுவனத்தை மாற்றலாம். ஆனால் கருவியிலுள்ள வானலைப் பகுதியை மாற்றமுடியாது. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் மட்டும் இயங்கக்கூடிய கருவிக்கு, எத்தனை புதிய புரொபைல்களை அனுப்பினாலும் அது நான்காம் தலைமுறையில் பேசாது.

சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்திலும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனை நிறுத்தின. அவுஸ்திரேலியாவில் இரு பெரும் நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 அன்று 3ஜி சேவையை மூடத் தொடங்கின. அவசர எண்ணான 000ஐ அழைக்கமுடியாத தொலைபேசிகள் குறித்த கவலையால் அந்தத் தேதி முன்னர் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. மருத்துவ எச்சரிக்கைக் கருவிகள் பற்றியும் அங்கு கேள்விகள் எழுந்தன.

இத்தாலியில் அப்போதைய வொடாபோன் நிறுவனம் 2021இலும், டிம் நிறுவனம் 2022இலும் 3ஜியை மூடின. அதைவிடப் பழைய 2ஜியை இரு நிறுவனங்களும் விட்டுவைத்தன. இது விசித்திரமாகத் தோன்றலாம். 3ஜியை அதிகம் பயன்படுத்தியவர்கள் மனிதர்கள். அவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொலைபேசியை மாற்றிக்கொள்கின்றனர். 2ஜியில் தங்கியிருப்பவை அளவிகள், மின்தூக்கித் தொலைபேசிகள், எச்சரிக்கைக் கருவிகள், கறுப்புப் பெட்டிகள் போன்ற இயந்திரங்கள். இவை 10 அல்லது 15 ஆண்டுகளுக்கென்று பொருத்தப்பட்டவை. இ-கோல் கருவிகளின் முதல் தலைமுறையும் 2ஜி, 3ஜி குரல் அழைப்பு வழியையே நம்பியிருக்கிறது. இதனால்தான் 2026 ஜனவரி முதல் புதிய வகைக் கார்களில் 4ஜி, 5ஜி வழியே இயங்கும் இ-கோல் தேவை என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது.

ஒரு பழைய வலையமைப்பு மூடப்படுவதாக அறிவிக்கப்படும்போது, தொலைபேசி வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தி வரும். முதியவரின் வீட்டுச் சுவரிலுள்ள உதவிப் பெட்டிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதைப் படிப்பதற்கு எவரும் இல்லை. பெட்டியின் விளக்கு எரியும். பொத்தானும் அழுத்தப்படும். அழைப்பு மட்டும் போகாது. அது தெரியவருவது, அழைப்பு தேவைப்படும் அந்த ஒரு நாளில்தான்.

கேட்கவேண்டிய கேள்விகள்

முதியோர் பராமரிப்பில் பணிபுரியும் தமிழருக்கு இது அந்நியமான தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. தம் பொறுப்பிலுள்ள ஒருவரின் உயிர் தங்கியிருக்கும் விடயம். உதவிப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திச் சோதிப்பது, பெட்டி எந்தத் தலைமுறை வலையமைப்பில் இயங்குகிறது என்று சேவை வழங்குநரிடம் கேட்டு எழுத்தில் பெறுவது, சேவை நின்றுபோனால் அறிவித்தல் யாருக்கு வரும் என்பதை உறுதிசெய்துகொள்வது ஆகியவை எவராலும் செய்யக்கூடியவை.

கடை நடத்துபவருக்கும் இதே கேள்விகள் உண்டு. இத்தாலியில் 2020 ஜனவரி முதல் கடைகளின் விற்பனை விவரங்கள் வரித்துறைக்கு மின்னணு முறையில் அனுப்பப்பட வேண்டும். அட்டைக் கொடுப்பனவை ஏற்க மறுப்போருக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதம் விதிக்கப்படுகிறது. இணைப்பு அறுந்தால் வியாபாரம் மட்டுமன்றிச் சட்டக் கடப்பாடும் தடைப்படும். இயந்திரத்திலுள்ள சிம் ஒரே நிறுவனத்தின் அலையை மட்டும் பிடிக்கிறதா, அது கிடைக்காதபோது வேறொன்றுக்குத் தாவுமா, ஒப்பந்தம் முடிந்தபின் இயந்திரத்தை வேறு நிறுவனத்துடன் பயன்படுத்த முடியுமா என்பன கையொப்பமிடுமுன் கேட்கவேண்டியவை.

சட்டம் ஒரு படி முன்னேறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், இணைக்கப்பட்ட சாதனங்கள் உருவாக்கும் தரவைப் பெறவும், தாம் விரும்பும் வேறொரு தரப்புக்கு அதை வழங்கச் செய்யவும் பயனருக்கு உரிமை அளிக்கிறது. காரோ, குளிர்சாதனப் பெட்டியோ, உதவிக் கருவியோ, அது சேகரிக்கும் தகவலில் பயனருக்கும் பங்குண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆனால் அத்தகவல் செல்லும் பாதையின் மீது அதற்கிணையான உரிமை இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. தொலைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் உரிமை பல நாடுகளில் மனிதருக்கு உண்டு. அந்த உரிமை ஒரே நாளில் கிடைத்ததல்ல. நிறுவனங்களின் எதிர்ப்பை மீறி, ஒழுங்குமுறை ஆணையங்களின் அழுத்தத்தால் வந்தது. இயந்திரங்களின் விடயத்திலும் தொழில்நுட்பம் இப்போது தயாராகிவிட்டது. சாவியைப் பயனரின் கையில் கொடுப்பதா, தயாரிப்பாளரின் கையில் விடுவதா என்பது அரசியல் முடிவு.

பொலிதேயாமா சதுக்கத்தில் வியாழக்கிழமை பிற்பகலில் நடந்து செல்பவர் தம் தொலைபேசியிலுள்ள சிம்மை மாற்றுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அவர் ஓட்டும் காருக்கும், அவர் பராமரிக்கும் முதியவரின் கழுத்திலுள்ள பொத்தானுக்கும் அந்தச் சுதந்திரம் இன்னும் வந்து சேரவில்லை.